அகராதியில் எல்லாமே ‘புத்திசாலி’!

கேள்வி: டீச்சர், நான் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் நர்ஸாக இருக்கிறேன். யாருக்கும் மனவருத்தம் வராமல் டியூட்டி லிஸ்ட் போட்டுக் கொடுத்த வார்டு பொறுப்பாளரிடம், “நீங்கள் ரொம்ப ‘ஷ்லாவ்’” என்றேன். ஒரு மாதிரி சிரித்தார். ஜெர்மன் அகராதியில் ஷ்லாவ், க்ளூக், கெஷைட், இன்டெலிகெண்ட் எல்லாவற்றுக்கும் ‘புத்திசாலி’ என்றுதான் போட்டிருக்கிறது. தவறாகச் சொல்லிவிட்டேனா?

பதில்: பெரிய தவறில்லை, கவலைப்படாதீர்கள். நம் ஊரில் ஒரு மேலதிகாரியிடம் போய் “நீங்க ரொம்ப விவரமான ஆளுங்க” என்றால் எப்படி இருக்கும்? பாராட்டுத்தான். ஆனால் ‘காரியத்தைச் சாதிச்சுக்கிட்டீங்களே’ என்பதும் அதற்குள் கேட்கும். ஷ்லாவ் அப்படிப்பட்ட சொல். ஜெர்மானியர்கள் நரிக்குக் கொடுக்கும் அடைமொழி அது. ஆனால், ஒரு குழந்தையை ஷ்லாவ் என்றால் பெற்றவர்களுக்குச் சந்தோஷம்தான். சூட்டிகையான பிள்ளை என்று பொருள். ‘ஸிஷ் ஷ்லாவ் மஹன்’ என்றால் ஒன்றைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொள்வது. பாருங்கள், ‘விவரமான ஆள்’, ‘விவரம் கேட்டுக்கொள்வது’ என நம் ‘விவரம்’ இரண்டு இடத்திலும் பொருந்துகிறது. வகுப்பில் நான் ஷ்லாவுக்கு ‘புத்திசாலி’ என்று எழுத விடுவதே இல்லை.

நீங்கள் தேடிய சொல் க்ளூக். நாலையும் யோசித்து, பின்னால் என்ன வரும் என்று பார்த்து நடப்பவருக்கு உரியது. ‘அதிக க்ளூக்கானவர் விட்டுக்கொடுப்பார்’ என்று ஒரு பழமொழி. ‘நட்டப்பட்டால் க்ளூக் ஆவோம்’ என்று இன்னொன்று. நாம் பட்டறிவு என்கிறோமே, அது. இன்டெலிகெண்ட் வேறு: மூளையின் திறனைச் சொல்வது, அளந்து பார்க்கக்கூடியது. நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) என்ற பெயரையே 1912இல் வில்லியம் ஷ்டெர்ன் என்ற ஜெர்மன் உளவியலாளர்தான் தந்தார். பொறுப்பாளரை இன்டெலிகெண்ட் என்றிருந்தால் அவருக்கு மார்க் போட்டதுபோல் ஆகியிருக்கும்.

1904இல் பெர்லினில் ஒரு குதிரை பெரும் பரபரப்பாக இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். பெயர் ‘க்ளூகர் ஹான்ஸ்’. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையாகச் சோதித்து, 1907இல் உண்மையை எழுதினார். விடைக்கான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை அவரை அறியாமலே லேசாக அசையும். அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்திவிடுமாம். கணக்குத் தெரியாது, ஆளைப் படிக்கத் தெரியும். அது க்ளூக்கா, ஷ்லாவா என்று மாணவர்களை வாதிட வைப்பேன். என் கட்சி ஷ்லாவ்.

கெஷைட் என்ற சொல்லை ஸ்டுட்கார்ட்டில் நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். ‘ஷைடன்’, அதாவது பிரித்தல், என்ற வினையோடு உறவுள்ளது. பகுத்து அறிவது! நம் ‘பகுத்தறிவு’ என்ற சொல்லும் இதே வழியில் அமைந்ததுதானே என்று முதன்முதலாகத் தோன்றிய நாளில் எனக்குத் தூக்கமே வரவில்லை. அங்கே அது சாப்பாட்டுக்கும் வரும். உங்கள் பக்கத்து ஊரான ட்யூபிங்கனில் நான் குடியிருந்த வீட்டு அம்மா, இரவில் பிஸ்கட்டோடு முடித்துக்கொள்ளும் என்னைப் பார்த்து, “கெஷைட்டாக ஏதாவது சாப்பிடு” என்பார். உருப்படியாக ஏதாவது சாப்பிடு என்று அர்த்தம்.

அடுத்த லிஸ்ட் வரும்போது ஆளை விட்டுவிட்டு, செய்த காரியத்தைப் பாராட்டுங்கள்: “தாஸ் வார் க்ளூக் ஃபோன் ஈனென்.” நீங்கள் செய்தது விவேகமான காரியம் என்பது இதன் பொருள். அந்த ஒரு மாதிரிச் சிரிப்பு இதற்கு வராது.