மோதல் யார் கணக்கில் விழுகிறது?

ஐயா, வணக்கம். வைஃபை சிக்னல்கள் காற்றில் மோதிக்கொள்வதைச் சோதித்துப் பார்க்க விரும்பி, ஏத்9கே (ath9k) என்ற வைஃபை டிரைவரில் இயங்கும் இரண்டு லினக்ஸ் மடிக்கணினிகளை ஒரே ரவுட்டரில் இணைத்தேன். ஒன்றில் மட்டும் டிரைவரைத் திருத்தி, போட்டிச் சாளரத்தின் (அனுப்புமுன் எவ்வளவு காத்திருப்பது என்று குலுக்கி எடுக்கும் எண்களின் வீச்சு) கீழ் எல்லையை, அதாவது அதன் மிகச் சிறிய அளவை, 15இலிருந்து 1 ஆக்கினேன். மோதல் பெருகும் என்று பார்த்தால், அந்தக் கணினியின் வேகம்தான் கூடியது. மறு அனுப்பல் எண்ணிக்கை அவ்வளவாக உயரவில்லை. டிரைவர் என் மாற்றத்தை ஏற்கவில்லையா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஏற்றிருக்கிறது, வேகம் கூடியதே அதற்குச் சாட்சி. நீங்கள் பார்த்திருக்க வேண்டியது மற்றக் கணினியின் எண்ணிக்கையை.

அலைவரிசை ஓய்ந்தபின் ஒவ்வொரு கருவியும் தன் சாளரத்துக்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, வழக்கமாக 9 மைக்ரோ விநாடிக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, சுழியத்தைத் தொட்டதும் அனுப்புகிறது. நடுவே வேறொன்று அனுப்பத் தொடங்கினால் நிறுத்திவைத்து, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. திருத்திய கணினி எடுப்பது 0 அல்லது 1. மற்றது எடுப்பது 0 முதல் 15 வரை ஏதோ ஒன்று. ஆகவே முன்னது அடுத்தடுத்து அனுப்பிக்கொண்டே இருக்க, பின்னது காத்துக் காத்துச் சுழியத்தை எட்டும் வேளையில் பெரும்பாலும் முன்னதும் அனுப்பத் தயாராக நிற்கும். அந்த மோதல் முன்னதற்கு பல வெற்றிகளுக்கிடையே ஒரு சறுக்கல்; பின்னதற்கோ கிடைத்த ஒரே வாய்ப்பின் இழப்பு, அதோடு சாளரமும் 31, 63 என்று மேல் எல்லைவரை விரிந்துகொண்டே போகும். நீங்கள் உண்டாக்கியது மோதலைவிட அபகரிப்பு என்பேன்.

மோதலையே காண வேண்டுமானால் இரண்டு கணினிகளிலும் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் 1 ஆக்குங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் குலுக்கினால் ஒரே எண் விழும் வாய்ப்பு, பதினாறில் ஒன்றிலிருந்து இரண்டில் ஒன்றாகிவிடும். சுழியம் கொடுத்துப் பயனில்லை. டிரைவர் அதை 1 ஆக்கியே பதிவு செய்யும். இன்னொன்று, ரவுட்டரில் மறுபடி இணையும்போது அது அறிவிக்கும் சாளர மதிப்புகள் உங்களுடையவற்றின் மேல் எழுதப்படும் என்பதால், மாற்றத்தை அந்த மதிப்புகள் வந்துசேரும் டிரைவர் செயற்கூற்றுக்குள்ளேயே (function) வையுங்கள்.

மறு அனுப்பலையும் மோதலையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். அனுப்பும் கருவிக்குத் தன் குரலே காதை அடைத்துவிடுவதால் மோதலை அதனால் கேட்க முடியாது. ஒப்புகை (கிடைத்தது என்று பெறும் கருவி அனுப்பும் பதில்) வரவில்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும், பலவீனமான சிக்னலிலும் அது வராமல் போகும். மறுபுறம், ரவுட்டருக்கு அருகிலுள்ள கணினியின் சட்டகம் (ஒரு தடவையில் அனுப்பும் தரவுத் துண்டு) மோதலிலும் பிழைத்து ஒப்புகை பெற்றுவிடக்கூடும். அதனால் இரண்டின் சிக்னலும் ரவுட்டரில் ஏறத்தாழ ஒரே வலுவில் கிடைக்குமாறு வைத்து, அனுப்பும் வேகத்தை நிலையாகப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் நிரல் ஒவ்வோர் இழப்பையும் சிக்னல் கோளாறு என்று எண்ணி, வேகத்தைக் குறைத்து உங்கள் கணக்கைக் குழப்பும்.

பிறருடைய வைஃபை இல்லாத சேனலில் செய்யுங்கள். அவர்களுடைய முறையையும் இந்தக் கணினிகள் பறித்துவிடும். முதலில் ஒவ்வொன்றையும் தனியாக ஓட்டி மறு அனுப்பல் விகிதத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு இரண்டையும் சேர்த்து ஓட்டினால், கூடுதலாக வரும் பங்குதான் நீங்கள் தேடிய மோதலுக்கு மிக நெருங்கிய எண்.