பதில்: ‘வெல்னஸ்’ பட்டப்படிப்பில் சேரலாமா?

தம்பி, பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தும் நீட் கைகொடுக்கவில்லை, தனியார் கல்லூரி ஒன்று மூன்றாண்டு ‘ஹெல்த் அண்ட் வெல்னஸ்’ பட்டத்துக்கு அழைக்கிறது, சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். அதை முடித்தவர் எந்தெந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று கல்லூரியிடமே எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் முன்பணம் கட்ட வேண்டாம்.

நான் உணவியல் படித்தவள். முதலாண்டு ஆய்வகத்தில் 100 கிராம் அரிசியை எடை போட்டு, வடித்த சோற்றை மறுபடி எடை போட்டோம். ஏறக்குறைய மூன்று மடங்கு! நோயாளி ‘ஒரு கப் சோறு’ என்றால் எந்தக் கப் என்று கேட்கும் பழக்கம் அன்று வந்ததுதான். ஆனால் உணவியலில் பி.எஸ்சி.யோடு நின்றுவிடக் கூடாது. இந்திய உணவியல் சங்கத்தின் ‘ஆர்.டி.’ (பதிவுபெற்ற உணவியலாளர்) தேர்வை எழுத முதுநிலைப் படிப்பும் ஆறு மாத மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும்.

யோகாவிலும் இயற்கை மருத்துவத்திலும் நாட்டம் இருந்தால் அவற்றுக்கான இளநிலைப் பட்டமான பி.என்.ஒய்.எஸ். பாருங்கள். நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. ஆசனம் போட்டே தேறிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் எல்லாம் உண்டு.

ஐந்தரை ஆண்டுச் செலவை வீடு தாங்குமா? முதலில் அப்பாவிடம் பேசிவிட்டு எழுதுங்கள்.