ஓட்டல் வரவேற்பிலிருந்து அலுவலக வேலைக்கு: பணம் கட்டும் முன் ஒரு நிமிடம்

கேள்வி: 11 ஆண்டுகளாக ஓட்டல் ஃப்ரன்ட் ஆபீஸில் இருக்கிறேன், கடைசி நான்கு ஆண்டுகள் ஷிஃப்ட் மேனேஜர். இரவுப் பணி இனி உடம்புக்கு ஒத்துவராது. வேறு துறையில் பகல்நேர ஆபரேஷன்ஸ் வேலைக்குப் போக ஆசை. ஒரு பயிற்சி நிறுவனம், ஆறு மாதத்தில் பிஎம்பி என்ற ப்ராஜெக்ட் மேலாண்மைச் சான்றிதழும் வேலையும் உறுதி என்று சொல்லி மொத்தப் பணத்தையும் முன்னதாகக் கேட்கிறது. கன்சல்டன்ட் ஒருவரோ, ரெஸ்யூமேயில் என் பதவியை 'ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர்' என்று போடச் சொல்கிறார். என் அனுபவத்துக்கு வெளியே மதிப்பே கிடையாதா?

பதில்: பணம் கட்டாதீர்கள். பதவிப் பெயரிலும் கை வைக்காதீர்கள். உங்கள் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் அதை ஓட்டல் பாஷையில் எழுதினால் வெளியே யாருக்கும் புரியாது.

'நைட் ஆடிட் பார்த்தேன்' என்ற வரியையே எடுத்துக்கொள்வோம். வெளியாள் இதைப் படித்தால் ராத்திரி கண் விழித்தீர்கள் என்று மட்டும் நினைப்பார். நீங்கள் செய்தது என்ன? ஒவ்வொரு கவுன்ட்டரின் வசூலையும் கணினிக் கணக்கோடு ஒப்பிட்டு, வித்தியாசம் எங்கே வந்தது என்று தேடிப் பிடித்து, அறை வாடகையையும் வரியையும் ஏற்றி, நாள்கணக்கை முடித்தீர்கள். அதை இப்படியே எழுதுங்கள். எத்தனை அறைகள், எத்தனை கவுன்ட்டர்கள், உங்களுக்குக் கீழே எத்தனை பேர் என்ற எண்களும் கூடவே வரட்டும். ஓவர்புக்கிங் ஆன இரவில் விருந்தினரை வேறு ஓட்டலுக்கு அனுப்பிச் சமாளித்ததும், ஆள் வராத நாளில் ஷிஃப்ட் பட்டியலைத் திருத்தியதும் ஆபரேஷன்ஸ் வேலைதான். 'நல்ல பேச்சுத்திறன், தலைமைப் பண்பு' போன்ற வரிகளை அடித்துவிடுங்கள். எல்லா ரெஸ்யூமேயிலும் அவை இருப்பதால் யாரும் படிப்பதில்லை.

எந்த வார்த்தையில் எழுதுவது என்று தெரிய, ஒரே பதவிக்கான 10 வேலை விளம்பரங்களைச் சேருங்கள். ஐந்துக்கு மேற்பட்டவற்றில் திரும்பத் திரும்ப வரும் பணிகளைத் தனியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நீங்கள் செய்த ஒரு காரியத்தைப் போடுங்கள். இரண்டு மூன்று இடம் காலியாக இருந்தால் தாராளமாக விண்ணப்பிக்கலாம். எக்செல்லில் பிவட் டேபிள் போன்றவை சில வாரத்தில் கைக்கு வந்துவிடும். பாதிக்கு மேல் காலி என்றால் பதவியை மாற்றித் தேடுங்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் தளமும் ஒவ்வொரு தொழிலின் பணிகளையும் திறன்களையும் இலவசமாகவே பட்டியலிடுகிறது. இதே பட்டியலைப் பணம் வாங்கிக்கொண்டு 'திறன் மதிப்பீடு' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்து அந்தச் சான்றிதழ். பிஎம்பியை வழங்குவது பிஎம்ஐ என்ற அமைப்பு. பயிற்சி நிறுவனம் அல்ல. தேர்வு எழுத 35 மணி நேரப் பயிற்சியோடு, பட்டதாரி என்றால் 36 மாதங்கள் ப்ராஜெக்ட்களை வழிநடத்திய அனுபவமும் காட்ட வேண்டும். அந்த 35 மணி நேரத்தைத்தான் உங்களுக்கு விற்கப் பார்க்கிறார்கள். 36 மாதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. தினசரி ஷிஃப்ட் நடத்தியது ப்ராஜெக்ட் ஆகாது. ப்ராஜெக்ட் என்றால் ஒரு தொடக்கமும் முடிவும் இருக்க வேண்டும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, கவனமாகப் படியுங்கள். ஓட்டலில் பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தபோதோ, ஒரு தளத்தை மூடிப் புதுப்பித்தபோதோ அந்த வேலையை நீங்கள் முன்னின்று நடத்தியிருந்தால், அது ப்ராஜெக்ட். அந்த மாதங்களைக் கணக்கில் சேர்க்கலாம். கூட நின்று உதவியது சேராது. இரண்டு ப்ராஜெக்ட் ஒரே மாதத்தில் நடந்திருந்தாலும் ஒரு மாதம்தான். கூட்டிப் பார்த்து 36 வராவிட்டால் பிஎம்பியை மறந்துவிடுங்கள். அதே பிஎம்ஐ தரும், அனுபவமே கேட்காத சிஏபிஎம் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் இருக்கிறது. அதற்கு 23 மணி நேரப் பயிற்சி போதும். அதுவும் மேலே சொன்ன 10 விளம்பரங்களில் அதன் பெயர் இருந்தால் மட்டும்.

'வேலை உறுதி' என்பதை ஒப்பந்தத்தில் தேடுங்கள். பெரும்பாலும் 'வேலை பெற உதவி' என்றுதான் இருக்கும். நேர்காணலுக்கு அனுப்பிவிட்டாலே உறுதியைக் காப்பாற்றியதாக ஒரு ஷரத்து, எந்த வேலை கொடுத்தாலும் மறுக்கக் கூடாது என்று இன்னொன்று. போன பேட்ச்சின் முழுப் பட்டியலைக் கேட்டு, அதிலிருந்து மூன்று பேரை நீங்கள் தேர்ந்தெடுத்துப் பேசுங்கள். பட்டியல் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கன்சல்டன்ட் விஷயம் இன்னும் மோசம். பணியில் சேரும் முன் பழைய நிறுவனத்திடம் தேதியும் பதவியும்தான் முதலில் விசாரிக்கப்படும். பொருந்தாவிட்டால் வேலை போகும். போவது உங்களுக்கு, அவருக்கு அல்ல. அவர் உங்களிடம் கட்டணமும் கேட்டால் கும்பிடு போட்டுவிடுங்கள். தொழிலாளியிடம் ஏஜென்சிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே இருக்கிறது. ஆள் தேடித் தந்ததற்கான கூலியை நிறுவனம் கொடுக்கட்டும்.

ரெஸ்யூமேயை ஒரே நெடுவரிசையாக (காலம்), கட்டம், படம், ஐகான் இல்லாமல் வையுங்கள். விண்ணப்பங்களை வடிகட்ட நிறுவனங்கள் வைத்திருக்கும் சல்லடை மென்பொருள், இரண்டு நெடுவரிசை வடிவத்தைக் குறுக்கே படித்துக் குழப்பிவிடும். ஹெடரில் போட்ட தொலைபேசி எண் சில சமயம் காணாமலே போகும். வெள்ளை எழுத்தில் வார்த்தைகளை ஒளிக்கும் தந்திரமும் வேண்டாம். வெறும் எழுத்தாக மாற்றியதும் அம்பலமாகிவிடும். இந்தச் சல்லடை தகுதியானவர்களையும் தள்ளிவிடுகிறது என்று ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் 2021 ஆய்வில் 88 சதவீத நிறுவனங்கள் தாங்களே ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவுதான். சல்லடை அங்கேயே இருக்கிறது. ஆகவே ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பதில் உங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் போக வேண்டாம்.

துறை, பதவி இரண்டையும் ஒரே தாவலில் மாற்றப் பார்க்கிறீர்கள். ஒன்றை முதலில் மாற்றுங்கள். ஓட்டல்களுக்கு மென்பொருள் விற்கும் நிறுவனங்களில் அதை நிறுவிக் கொடுக்கவும், ஊழியருக்குக் கற்றுத்தரவும் ஆள் தேவைப்படும். அங்கே உங்கள் 11 ஆண்டுகள் அப்படியே செல்லும். ஓரிரு ஆண்டு கழித்து ஓட்டலுக்குச் சம்பந்தமில்லாத இடத்துக்குப் போகலாம்.

வேலைச் செய்திகள் நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறையாகப் பழகியவர்கள் வழியாகவே அதிகம் வருகின்றன என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதினார். உங்கள் ஓட்டலுக்கு மென்பொருள் பயிற்சி தர வந்தவர் அப்படிப்பட்டவர்தான். அவரைக் கூப்பிடுங்கள். 'வேலை இருக்கிறதா' என்று ஆரம்பித்தால் 'சொல்கிறேன்' என்று வைத்துவிடுவார். 'உங்கள் டீமில் புதிதாகச் சேர்பவர் முதல் மூன்று மாதம் என்ன செய்வார்?' என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அந்த வார்த்தைகள் அப்படியே ரெஸ்யூமேக்குப் போகட்டும்.