ஒரே பூங்காவில் ஒரு மரம் பூத்துக் குலுங்க, பக்கத்து மரம் ஏன் மொட்டாகவே நிற்கிறது?

செர்ரி, மக்னோலியா போன்ற வசந்தத்தில் பூக்கும் மரங்களின் மொட்டுகள் முந்தைய கோடையிலேயே உருவாகிவிடும். குளிர்காலத்தில் போதிய குளிர் பட்ட பிறகுதான் அவை வெப்பத்துக்கு அசைந்து கொடுக்கும். எவ்வளவு குளிர், எவ்வளவு வெப்பம் என்பது இனத்துக்கு இனம் மாறும். மரம் நிற்கும் இடமும் ஒரு காரணம்: வெயில் படும் சுவரோரம் முந்தும், குளிர்காற்று தேங்கும் பள்ளம் பிந்தும்.

சில நாள் வெயில் அடித்துவிட்டு மறுபடி உறைபனி விழுந்தால்தான் சிக்கல். மூடிய மொட்டு ஓரளவு தாங்கும். விரிந்த செர்ரிப் பூவுக்கு மைனஸ் 2 டிகிரி செல்சியஸை ஒட்டியே சேதம் தொடங்கிவிடும். மக்னோலியா இதழ்களோ ஒரே இரவில் பழுப்பாகிவிடும், பார்க்கவே பாவமாக இருக்கும். உறைபனி இல்லாத லேசான குளிர் நல்லது, பூ கூடுதல் நாள் நிற்கும். அப்புறம் பலத்த காற்றும் மழையும் வந்தால் எல்லாம் தரையில்தான்.