பழைய ஹோண்டா எஸ்டி1100-இல் பேட்டரி அடிக்கடி இறங்கிவிடுகிறது. பேட்டரியையும் விளக்குகளையும் மாற்றினால் தீருமா?

தீராது தம்பி. இன்னும் பணம் கட்டவில்லை என்றால் எதையும் வாங்க வேண்டாம்.

நீங்கள் எழுதியிருப்பது இதுதான். வண்டி 1993-இல் வந்தது. கோலாலம்பூரில் ஒருவரிடம் வாங்கி ஜார்ஜ்டவுனுக்கு ஓட்டி வந்திருக்கிறீர்கள். நெடுஞ்சாலையில் ஒரு குறையும் தெரியவில்லை. பினாங்குப் பாலத்தில் நெரிசலில் ஊர்ந்து வந்த நாள்களுக்கு மறுநாள் காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. ஆறு மாதத்தில் இது இரண்டாவது பேட்டரி. பள்ளி விடுமுறையில் மனைவியை ஏற்றிக்கொண்டு தாய்லாந்து எல்லையைத் தாண்டிப் பெத்தோங் போக ஆசை. அதற்கு முன் லித்தியம் பேட்டரி, எல்இடி விளக்குகள், கைப்பேசிக்குச் சார்ஜர் எல்லாம் பொருத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பிறைத் தொழிற்பேட்டையில் மின்பராமரிப்பு வேலை. என்னிடம் இருப்பதும் எஸ்டி1100 தான், 1994-இல் வந்தது, பதினோரு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். நீங்கள் சொன்ன அறிகுறிகளைப் படித்தபோது எனக்கு ஒரு மழை இரவு நினைவுக்கு வந்தது.

ஈப்போவில் தங்கை வீட்டு விசேஷம் முடித்துத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஜெலாப்பாங்கைத் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. மெனோரா சுரங்கப்பாதைக்குள் நுழைந்தபோது எதுவும் தெரியவில்லை, அங்கேதான் மேலே விளக்குகள் இருக்கின்றனவே. மறுபக்கம் வெளியே வந்ததும்தான் என் முன்விளக்கு அகல் விளக்கைப் போல மஞ்சளாக எரிவதைப் பார்த்தேன். முன்னால் பத்து மீட்டர்கூடத் தெரியவில்லை. பின்னால் லாரி. சுற்று காட்டும் முள் துள்ளத் தொடங்கியது, எஞ்சின் விட்டுவிட்டு இழுத்தது. இறக்கமாக இருந்ததால் இடது ஓரத்திலேயே உருட்டிக்கொண்டுபோய்ச் சுங்கை பேராக் ஓய்வுத்தளத்தில் சேர்ந்தேன்.

கூரைக்கு அடியில் நிறுத்திப் பக்க மூடியைக் கழற்றியதும் கருகிய பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியது. எஞ்சின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் கம்பிச்சுருளான ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்கள், அந்த மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற அளவில் மாற்றிக் கொடுக்கும் ரெகுலேட்டரோடு சேரும் கனெக்டர் கருங்காப்பி நிறமாகியிருந்தது. இரண்டு பின்கள் அசைந்து கொடுத்தன. நடுப் பின் பிளாஸ்டிக்கோடு உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. வலுவாக இழுத்தபோது வயருக்குள் இருந்த செம்பிழைகள் கறுத்துப் பொடியாக உதிர்ந்தன. அதற்கு முந்திய ஓராண்டில் ஒரு பட்டறையில் எனக்கு இரண்டு பேட்டரிகள் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்க மூடியை ஒருவரும் கழற்றவில்லை. வேலை தெரிந்த நானும் அன்றுவரை கழற்றவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

எஸ்டி1100 1990 முதல் 2002 வரை வந்த வண்டி. 1,084 சிசி, வி வடிவில் நான்கு சிலிண்டர், பின் சக்கரத்தைச் சுழற்றச் சங்கிலிக்குப் பதிலாகத் தண்டு. எஞ்சின் அவ்வளவு எளிதில் சாகாது. முதல் சில ஆண்டுகளில் வந்த வண்டிகளில் 28 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (ஸ்டேட்டர் அடங்கிய மின்னாக்கி), பின்னர் வந்தவற்றில் 40 ஆம்பியர். 40 ஆம்பியர் வகையில் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும். உங்களுடையது 1993 என்பதால் 28 ஆம்பியர் வகையாகத்தான் இருக்க வேண்டும். தனி ரெகுலேட்டரும் மூன்று மஞ்சள் வயர்களும் கண்ணில் பட்டால் சந்தேகமே இல்லை. அந்த வகைக்கு இந்தக் கனெக்டர்தான் தீராத நோய்.

ஏன் கருகுகிறது என்று தெரிந்துகொண்டால் மருந்தும் தெரிந்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் பின்களின் மேல் மெல்லிய பச்சைக் களிம்பு படிகிறது. அதனால் அந்த இடத்தில் 0.1 ஓம் தடை கூடினாலே போதும். 15 ஆம்பியர் அதன் வழியே போகும்போது 22 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கும். ஈயம் வைக்கும் சிறிய கோலின் சூடு ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தக் கோலை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் செருகி மணிக்கணக்கில் வைத்திருப்பதாக எண்ணிப் பாருங்கள். சூட்டில் பின்னின் பிடி தளர்கிறது, தளர்ந்தால் தடை இன்னும் கூடுகிறது, கடைசியில் மூன்று வயர்களில் ஒன்று அறவே அறுந்துபோகிறது. ஒன்று போனாலும் மிச்ச இரண்டும் வேகமாக ஓடும்போது எப்படியோ சமாளித்துவிடும். பாலத்தில் ஊர்ந்து போகும்போது சுற்றும் குறைவு, ரேடியேட்டர் விசிறியும் சேர்ந்து சுழல்கிறது. அப்போது பேட்டரிக்கு வருவதைவிட அதிலிருந்து போவதுதான் அதிகம். நெடுஞ்சாலையில் நன்றாக ஓடி நெரிசலுக்குப் பின் மட்டும் படுத்துக்கொள்கிறது என்று நீங்கள் எழுதியதை வைத்துத்தான் என் சந்தேகம் நேராக அங்கே போகிறது.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு பொருள் வாங்கக் கூடாது. ஐம்பது வெள்ளிக்குள் ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும், அதை மட்டும் வாங்குங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன், பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். நல்ல பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். பிறகு எஞ்சினைச் சூடாக்கி, முன்விளக்கைப் போட்டு, நிமிடத்துக்கு 4,000 அல்லது 5,000 சுற்றில் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் அளந்து பாருங்கள். 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். 13-ஐத் தொடவில்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது, அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு உண்மையைக் காட்டிக்கொடுப்பது இதற்கு அடுத்த சோதனைதான். எஞ்சின் அதே சுற்றில் ஓடட்டும். மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரிலிருந்து வெளிவரும் சிவப்பு வயரின் பின்னிலும், மறுமுனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். இரண்டும் ஒரே வயரின் இரண்டு நுனிகள் என்பதால் கிட்டத்தட்டப் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். 0.2 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் இடையில் எங்கோ ஒரு இணைப்பு மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. எர்த் (நெகட்டிவ்) பக்கத்திலும் இதேபோல் பாருங்கள். ஃபியூஸ் பிடிக்கும் கவ்விகளையும் விட்டுவிடாதீர்கள். முப்பது வயதான வண்டிகளில் பாகங்களைவிட இணைப்புகள்தான் அதிகம் கெட்டிருக்கும்.

கடைசியாக ஸ்டேட்டர். எஞ்சினை நிறுத்தி மஞ்சள் கனெக்டரைப் பிரித்துவிட்டு, மீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒவ்வொரு மஞ்சள் வயருக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில் பாருங்கள். எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. பிறகு எஞ்சினை ஓட்டி, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, மூன்று வயர்களையும் இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். எஞ்சின் வேகம் கூடக்கூட அளவும் கூட வேண்டும், மூன்று அளவுகளும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இந்த வோல்ட் கையை உதறிவிடும், அதனால் எஞ்சின் ஓடும்போது வெறும் பின்களைத் தொடாதீர்கள். மூன்றும் சமமாக இருந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். ஸ்டேட்டரை மாற்றுவதென்றால் பின் சக்கரம்வரை கழற்ற வேண்டிய பெரிய வேலை. கனெக்டரைச் சரிசெய்வது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலை.

கருகியிருந்தால் புதிய கனெக்டர் தேட வேண்டாம். பளபளப்பான செம்பு தெரியும் இடம்வரை வயரை வெட்டி, நேருக்கு நேர் கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் வைத்து நசுக்கி), மேலே ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் உறையை மாட்டி மூடிவிடுங்கள். என் வண்டியில் அப்படித்தான் செய்தேன். ஓராண்டு கழித்து ரெகுலேட்டரையும் மாஸ்ஃபெட் (ஒருவகை மின்னணு சுவிட்ச்) வகைக்கு மாற்றினேன், ஷிண்டெங்கன் நிறுவனத்தின் எஃப்எச்020. பழைய வகையைவிட மிகக் குறைவாகவே சூடாகிறது. இன்று வரை விளக்கு எரியும்போது 14.2 வோல்ட் காட்டுகிறது.

எல்இடி விளக்கு போட்டால் ஆல்டர்னேட்டரின் பாரம் குறையும் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. இந்த வண்டியின் ஆல்டர்னேட்டர் நிலைக்காந்த வகை. எஞ்சின் சுற்றும் வரை தன்னால் முடிந்த மட்டும் மின்சாரம் உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வண்டிக்குத் தேவைப்படாததை ரெகுலேட்டர் ஸ்டேட்டருக்கே குறுக்காகத் திருப்பிவிட்டு வெப்பமாகக் கரைக்கிறது. ஆகவே எல்இடி போட்டால் நெரிசலில் பேட்டரிக்கு மிச்சம் கிடைக்கும், அது நல்லதுதான். ஆனால் ஸ்டேட்டருக்கும் அந்த மஞ்சள் கனெக்டருக்கும் ஓய்வு கிடைக்காது. தேவைப்படாததைத் திருப்பிவிடாமல் வழியையே துண்டிக்கும் தொடர்வகை ரெகுலேட்டர் வைத்தால்தான் ஸ்டேட்டரின் உழைப்பு உண்மையிலேயே குறையும்.

துணை விளக்குகள் வேண்டும் என்று நீங்கள் நினைப்பது நியாயமானது. பாலிங்கைத் தாண்டிப் பெங்காலான் ஹுலு போகும் மலைப்பாதை இரவில் இருட்டுதான். ஆனால் 55 வாட் ஹாலஜன் இரண்டு போட்டால் 8 ஆம்பியர் போய்விடும், உங்கள் ஆல்டர்னேட்டர் கொடுப்பது மொத்தமே 28. எல்இடி துணை விளக்காகவே வாங்குங்கள். பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், தனி ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்துக் கொடுங்கள், முன்விளக்கு வயரில் ஒட்டுப்போட வேண்டாம். முதலில் அசல் முன்விளக்குக்கு ஒரு ரிலே வைத்துப் பாருங்கள். பல்பின் முனையில் ஒரு வோல்ட் குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். பழைய சுவிட்சும் வயரும் அதை மெல்ல மெல்லத் தின்றிருக்கும். ரிலே வைத்த இரவு பாலிக் புலாவ் வளைவுகளில் போனேன், கண்ணாடி துடைத்ததுபோல் பாதை தெரிந்தது. அசல் விளக்குக் கூட்டுக்குள் எல்இடி பல்பைத் திணிப்பதை மட்டும் செய்யாதீர்கள். அந்தப் பிரதிபலிப்பான் ஹாலஜன் இழைக்காக வடிக்கப்பட்டது, எல்இடி வைத்தால் ஒளி சிதறி எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

லித்தியம் பேட்டரி இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். அது 14.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. பழைய ரெகுலேட்டர் ஒருநாள் கைவிட்டால் அதுதான் முதலில் பலியாகும். கைப்பேசிச் சார்ஜர் தாராளமாகப் போடுங்கள், சாவி அணைந்தால் அதுவும் அணையும்படி.

மனைவியை ஏற்றிக்கொண்டு போவதால் விளக்கைவிட முக்கியமான சில உண்டு. பிரேக் ரப்பர் குழாய்கள் அசலாகவே இருந்தால் உடனே மாற்றுங்கள். உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டால் பிரேக்கை விட்ட பிறகும் பிடித்துக்கொண்டே இருக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம் ஊரில் இரண்டு ஆண்டுக்கு மேல் வைக்கக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். மேலே உள்ள வரிப்பள்ளம் நன்றாக இருக்கிறது என்பதற்காக அப்படிப்பட்ட டயரை மழையில் நம்ப வேண்டாம். பின் சக்கரம் கழற்றும் ஒவ்வொரு முறையும் தண்டோடு சேரும் பற்களுக்கு மாலிப்டினம் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள், பட்டறையில் கேட்காமல் வைக்க மாட்டார்கள். டைமிங் பெல்ட் ரப்பர்தான். முந்திய உரிமையாளர் மாற்றியதற்குச் சீட்டு இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் தைப்பூசத்துக்கு முன்னால் தண்ணீர்மலைப் பக்கம் சாலைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நெரிசலில் நின்று பார்ப்பதற்கு முன் இந்த வார இறுதியில் மீட்டரை எடுங்கள். காலை வோல்ட், 5,000 சுற்றில் வோல்ட், சிவப்பு வயரின் இரண்டு நுனிகளுக்கு இடையிலான வித்தியாசம், மூன்று மஞ்சள் வயர்களின் அளவுகள் ஆகியவற்றைக் கீழே எழுதுங்கள். கனெக்டரைப் பிரித்து, பின்கள் தெரியும்படி ஒரு படமும் போடுங்கள். பார்த்துவிட்டு எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்கிறேன்.