நின்ற இடத்திலேயே இறங்கும் பேட்டரி: கார் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் வண்டியின் கரன்ட் பற்றியவை. வீட்டில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் இவற்றில் பலவற்றை நீங்களே சோதித்துவிடலாம். எலக்ட்ரிக்கல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். 10 ஆம்பியர் வரை டிசி கரன்ட் அளக்கும் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: புது பேட்டரி போட்டு நான்கு மாதம்தான் ஆகிறது. தினமும் ஓட்டினால் பிரச்சினை இல்லை. மூன்று நாள் ஷெட்டில் நின்றால் செல்ஃப் எடுப்பதில்லை, 'கட கட'வென்ற சத்தம் மட்டும் வருகிறது. பட்டறையில் டைனமோவை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (நாமக்கல் வாசகர்)

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். தினமும் ஓட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை என்றால், தினமும் ஓட்டினாலும் ஓரிரு நாளில் வண்டி நின்றிருக்கும். டேஷ்போர்டில் பேட்டரி படமும் எரிந்திருக்கும். உங்கள் வண்டியில் சார்ஜ் ஏறுகிறது, நிற்கும்போது இறங்குகிறது. அதை வண்டி உறிஞ்சுகிறதா, பேட்டரியே உள்ளுக்குள் இழக்கிறதா என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டியது.

முதலில் மீட்டர் தேவைப்படாத சோதனை ஒன்று. பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, 10 எண் ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலை மட்டும் கழற்றி, மூன்று நாள் வண்டியை நிறுத்தி வையுங்கள். நான்காம் நாள் மாட்டியதும் சுண்டியதுபோல் ஸ்டார்ட் ஆனால் பேட்டரி நல்லது, கோளாறு வண்டியில். அப்போதும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பேட்டரியில் கோளாறு. வாரன்டி அட்டையோடு கடைக்குப் போங்கள். (டெர்மினலைக் கழற்றினால் சில மியூசிக் சிஸ்டங்கள் மறுபடி பின் எண் கேட்கும். அதை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.)

அடுத்து மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து மூன்று அளவு எடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் எதையும் போடாமல், பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, 11.9-க்குக் கீழே போனால் காலி. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். கடைசி அளவு சரியாக இருந்தால் டைனமோ சார்ஜ் செய்கிறது என்று பொருள். புதிய மாடல்களில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைப்பதால் சில நேரம் குறைவாகக் காட்டும். ஹெட்லைட்டையும் ஏசி ஃபேனையும் போட்டுவிட்டுப் பாருங்கள், ஏறும்.

இனி கரன்ட் லீக். சாவியை எடுத்துவிடுங்கள். ரிமோட் சாவி என்றால் வண்டியிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி வையுங்கள். பானெட் திறந்திருக்கும்போது உள்விளக்கோ அலாரமோ விழித்திருக்கும் வண்டிகளில், பானெட் லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடியதுபோல் வையுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை இணையுங்கள். தொடக்கத்தில் சில ஆம்பியர்கூடக் காட்டலாம். உடனே முடிவுக்கு வர வேண்டாம், வண்டியிலுள்ள கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அரை மணி நேரம் ஆகும். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. திருப்பினால் மீட்டருக்குள் இருக்கும் பீஸ் போய்விடும்.

அரை மணிக்குப் பிறகு 0.05 அல்லது அதற்குக் கீழே, அதாவது 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் சரி. உதாரணத்துக்கு 0.30 காட்டுகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி போகிறது. சிறிய கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் மணி பேட்டரியிலிருந்து மூன்று நாளில் 21.6 போய்விட்டால் செல்ஃப் எப்படிச் சுற்றும்? உங்கள் மூன்று நாள் கணக்கோடு இது பொருந்துகிறது.

எந்த வழியில் போகிறது என்று தேட, பலர் பீஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். பிடுங்கி மாட்டும்போது தூங்கிய கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு கணக்கைக் குழப்பும். இதைவிட நல்ல வழி உண்டு. பிளேடு பீஸின் தலையில் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் தெரியும். நெகட்டிவ் கேபிளைப் பேட்டரியில் மாட்டி, மீட்டரின் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்குத் திருப்பி மாற்றுங்கள். கம்ப்யூட்டர்கள் மறுபடி தூங்கியதும் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொடுங்கள். 0.0 காட்டினால் அந்த வழியில் கரன்ட் ஓடவில்லை. எண் ஏதாவது வந்தால் ஓடுகிறது. அந்த பீஸ் எதற்கானது என்று பெட்டி மூடியின் உள்பக்கத்தில் இருக்கும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது, வாங்கிய பிறகு வெளியில் பொருத்திய மியூசிக் சிஸ்டம். அதன் மஞ்சள் ஒயர் நினைவுக்காக எப்போதும் கரன்ட் பெறுவது, சிவப்பு ஒயர் சாவி திருப்பினால் மட்டும் பெற வேண்டியது. அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக முறுக்கி நிரந்தர கரன்டில் கொடுத்துவிடுகிறார்கள். திரை அணைந்தாலும் சிஸ்டம் உள்ளே விழித்தே இருக்கும். சிவப்பைப் பிரித்து சாவி வழிக்கு மாற்றினால் போதும். அது இல்லையென்றால் டேஷ் கேமரா, ஜிபிஎஸ் கருவி, மூடியும் அணையாத டிக்கி விளக்கு ஆகியவற்றைப் பாருங்கள். எந்த பீஸிலும் எண் வராமல் லீக் மட்டும் தொடர்ந்தால், பேட்டரியைத் துண்டித்து, டைனமோவின் பின்னால் உள்ள தடித்த ஒயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு மறுபடி அளக்கவும். லீக் நின்றுவிட்டால் டைனமோவின் டயோடு பழுது. பட்டறையின் பேச்சு அப்போதுதான் சரியாகிறது.

கேள்வி: என்னுடையது ஆட்டோமேட்டிக் கியர் கார். பேட்டரி இறங்கிவிட்டால் பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்யலாமா? கம்ப்யூட்டர் போய்விடும் என்கிறார்கள். (தஞ்சாவூர் வாசகி)

செய்யலாம், வரிசை தவறக் கூடாது. சிவப்பு கேபிளை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டுங்கள். கடைசி முனையை இறங்கிய பேட்டரியில் மாட்டக் கூடாது. அந்த வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும், பொறி பட்டால் வெடிக்கும். நல்ல காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு உங்கள் செல்ஃபைச் சுற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள். கம்ப்யூட்டர் போவது பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றி மாட்டும்போது. நீங்கள் எழுதிய ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, ஆகவே நல்ல தடிமனான கேபிள் ஒரு ஜோடி டிக்கியில் இருக்கட்டும்.

கேள்வி: இடது இண்டிகேட்டர் மட்டும் படபடவென்று வேகமாக அடிக்கிறது. (விருதுநகர் வாசகர்)

இடது பக்கத்தில் ஒரு பல்பு போயிருக்கிறது. முன், பின் இரண்டையும் பாருங்கள். 21 வாட் பல்புதான் போட வேண்டும். எல்இடி போட்டாலும் இதே வேகம் வரும், ஏனென்றால் அது எடுக்கும் கரன்ட் குறைவு.

கேள்வி: ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பு போட்டேன். ஆறு மாதத்தில் ஹோல்டர் உருகிவிட்டது. நல்ல கம்பெனி பல்பு எது? (தேனி வாசகர்)

பல்பின் கம்பெனியை மாற்றினால் அடுத்த ஹோல்டரும் உருகும். உங்கள் வண்டியின் எச்4 பல்பு 60/55 வாட்டுக்கானது. லோ பீமில் 55 வாட் 12 வோல்ட்டில் 4.6 ஆம்பியர் எடுக்கும். 90 வாட் 7.5 எடுக்கும். ஒயரிலும் ஹோல்டரிலும் பிறக்கும் சூடு கரன்டின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், பழையதைப்போல் ஏறக்குறைய 2.7 மடங்கு சூடு. பிளாஸ்டிக் ஹோல்டர் இதைத் தாங்காது. ஹெட்லைட்டுக்குள் இருக்கும் கண்ணாடிப் பூச்சும் கருகத் தொடங்கும். எதிரே வருபவருக்குக் கண் கூசும் ஆபத்தையும் நினைத்துப் பாருங்கள்.

மங்கலான வெளிச்சத்துக்கு வேறு காரணம் இருக்கிறது, அதை அளக்கலாம். 60/55 பல்பையே திரும்பப் போடுங்கள். எஞ்சின் ஓட, லோ பீம் எரிய, பேட்டரியில் வோல்ட் பாருங்கள், பிறகு எரியும் பல்பின் ஹோல்டர் முனைகளில் பாருங்கள். பேட்டரியில் 14.0 இருந்து ஹோல்டரில் 12.6 மட்டுமே வந்தால் வழியில் 1.4 வோல்ட், பத்தில் ஒரு பங்கு தொலைகிறது. ஹாலஜன் பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். நீங்கள் தேடும் வெளிச்சம் ஒயரில் தங்கிவிட்டது.

முதலில் எர்த்தைச் சரிசெய்யுங்கள். ஹெட்லைட் எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிவிட்டு மறுபடி அளவெடுங்கள். ஹோல்டரின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. பாசிட்டிவ் பக்கம் 0.5-க்கு மேல் போனால் ரிலே கிட் போடலாம். (ரிலே என்பது சிறு கரன்டால் பெரிய கரன்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்.) பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் பீஸ், பிறகு ரிலேயின் 30-ஆம் முனை. 87-ஆம் முனையிலிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் ஒயர் 86-க்கு, எர்த் 85-க்கு. லோ பீமுக்கு ஒரு ரிலே, ஹை பீமுக்கு ஒரு ரிலே. இனி ஸ்விட்ச் வழியாகப் போவது ரிலேயை இழுக்கும் சிறு கரன்ட் மட்டும். ஹோல்டர் செராமிக்கில் வாங்குங்கள். பல்பு மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறி பல்பு சீக்கிரம் போகும்.

கேள்வி: டிக்கி விளக்குக்கான 10 ஆம்பியர் பீஸ் அடிக்கடி போகிறது. 20 போடலாமா? (காரைக்குடி வாசகர்)

கூடவே கூடாது. பீஸ் ஒயரைக் காப்பதற்கு. 20 போட்டால் பீஸுக்கு முன்னால் ஒயர் எரியும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவது அதைவிட மோசம். நிறத்தை நினைவில் வையுங்கள்: 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை.

ஷார்ட் எங்கே என்று தேட, பீஸைக் கழற்றி அந்த இரண்டு முனைகளிலும் ஒயர் பொருத்திய 21 வாட் பல்பு ஒன்றைக் கொடுங்கள். டிக்கி விளக்கை அணைத்த நிலையிலும் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. பீஸ்போல இந்தப் பல்பு எரிந்து போகாது, ஆகவே நிதானமாக ஒயரை அசைத்துக்கொண்டே போகலாம். எங்கே அசைக்கும்போது பல்பு மங்குகிறதோ அங்கேதான் கோளாறு. டிக்கிக் கதவு கீல் அருகில் ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயரை முதலில் பாருங்கள். திறந்து மூடித் திறந்து மூடி அந்த இடத்தில்தான் தோல் உரியும்.

கேள்வி: ஊருக்குள் டிராஃபிக்கில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, பைபாஸில் இறங்கிவிடுகிறது. (சேலம் வாசகர்)

ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஓடும்போது காற்றே குளிர்விக்கிறது, நின்றால் ஃபேன்தான். எஞ்சின் ஓட, ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் பீஸைப் பாருங்கள், பக்கத்தில் அதே எண்ணுள்ள ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் சுற்றாவிட்டால் எஞ்சினை அணைத்து, ஃபேன் சாக்கெட்டைக் கழற்றி, பீஸ் வைத்த ஒயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது, கோளாறு சென்சாரிலோ ஒயரிலோ. கை, துணி ஃபேன் பக்கம் போகக் கூடாது.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் நீர் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் பாயும். ஒரு மணி நேரம் ஆறட்டும். குறைந்தால் போர் தண்ணீர் ஊற்ற வேண்டாம், உப்பு படிந்து ரேடியேட்டர் அடைக்கும். அடர் கூலன்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டர் சரிபாதி. கலந்து விற்பது என்றால் அப்படியே.

கேள்வி: மழைநீர் சீட் வரை ஏறிய காரை, தண்ணீர் வடிந்ததும் எவ்வளவு நேரம் காயவைத்து ஸ்டார்ட் செய்யலாம்? (வேளச்சேரி வாசகர்)

எவ்வளவு காய்ந்தாலும் நீங்கள் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியைக்கூடத் திருப்ப வேண்டாம். ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் போன நீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. செல்ஃப் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும், எஞ்சினைப் பிரிக்க வேண்டிவரும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகளுக்கு இந்தச் சாவிதான் பெரிய எதிரி.

நீர் நின்ற அடையாளம் தெரியும்படி படம் எடுங்கள். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். இன்சூரன்ஸுக்குத் தெரிவித்து, நான்கு சக்கரமும் மேலே ஏறும் வண்டியில் எடுத்துப் போகச் சொல்லுங்கள். முழு இன்சூரன்ஸ் வெள்ளச் சேதத்தை ஏற்கும். ஆனால் நீரில் ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால், எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுத்தவருக்கே கிடைக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் ஆயிலில் நீர் புகுந்துவிட்டது. சீட்டுக்கு அடியிலும் கியர் அருகிலும் உள்ள மஞ்சள் நிறச் சாக்கெட்டுகள் ஏர்பேக்குக்குப் போகின்றன. துடைக்கிறேன் என்று அவற்றைக் கழற்ற வேண்டாம்.

கேள்வி: 38பி20எல், 38பி20ஆர் என்று இரண்டு பேட்டரி கடையில் இருக்கின்றன. ஒரே விலை. எதை வாங்கலாம்? (கோவில்பட்டி வாசகி)

பழைய பேட்டரியில் எது எழுதியிருக்கிறதோ அதை. 20 என்பது நீளம், ஏறக்குறைய 20 செ.மீ. எல்லுக்கும் ஆருக்கும் பாசிட்டிவ், நெகட்டிவ் இடம் மாறியிருக்கும். மாறியதை வாங்கினால் கேபிள் எட்டாது, இழுத்துப் பிடித்துத் தவறாக மாட்டினால் டைனமோ டயோடும் மெயின் பீஸும் போகும். எண்ணின் கடைசியில் எஸ் இருந்தால் முனை தடிமன். உங்களுடையது மெல்லிய முனை, அதற்குரிய கிளாம்ப் தடித்த முனையில் ஏறாது. மாட்டும்போது பாசிட்டிவை முதலிலும் நெகட்டிவைக் கடைசியிலும் மாட்டி, இரண்டின் மேலும் வாஸ்லின் தடவச் சொல்லுங்கள்.