நேரில் தாத்தா, படத்தில் கொலு பொம்மை

அண்ணாச்சிக்கு வணக்கம்.

குழந்தைகள் கதைப்புத்தகம் ஒன்றுக்குப் படம் வரையாமல், பொம்மை செய்து, சின்னதாக வீடு கட்டி, போட்டோ எடுத்து அச்சுக்குக் கொடுக்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். தாத்தா, பேத்தி இரண்டு பொம்மை. தார்சா (முன்பக்கத் தாழ்வாரம்) வைத்த பழைய ஓட்டு வீடு. தாத்தா தலை, தெர்மக்கோல் உருண்டைமேல் காருக்குறிச்சி மண்ணை அப்பிச் செய்தது. காய்ந்ததும் கன்னத்தில் வெடித்துவிட்டது. நிறுத்தினால் தலை முன்னால் தொங்குகிறது. கஞ்சி போட்ட வேட்டி அட்டை மாதிரி விறைத்து நிற்கிறது. ஒருவழியாக ஒப்பேற்றிப் படம் எடுத்தாலும், பார்க்கிறவர்கள் "கொலு பொம்மையா?" என்கிறார்கள். இரண்டு படம் அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்பு? புத்தகம் முடிகிறவரை பொம்மைகளை எப்படிப் பத்திரப்படுத்துவது?

ப., பாளையங்கோட்டை

அன்புள்ள தங்கச்சி,

கடைசிக் குறையிலிருந்து தொடங்குகிறேன். படம் கொலுவாகத் தெரிவதற்குப் பொம்மை காரணமில்லை, கேமரா இருக்கிற உயரம்தான் காரணம். நின்றபடி குனிந்து எடுத்திருக்கிறீர்கள். தாத்தாவின் உச்சந்தலையும் ஓட்டின் மேல்பக்கமும் ஒரே படத்தில் தெரிகின்றன. தெருவில் நிற்கிற ஆளுக்கு அப்படித் தெரியாது. நீங்கள் எடுத்துக்கொண்டது ஆறில் ஒரு பங்கு அளவு. ஐந்தரை அடி ஆள் இதில் 28 செ.மீ., அவர் கண் தரையிலிருந்து சுமார் 26 செ.மீ. லென்ஸும் அந்த உயரத்துக்கு இறங்கவேண்டும். செட்டை மேஜையின் விளிம்புவரை இழுத்து வைத்தால் ஸ்டாண்டை மேஜைக்கு வெளியே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது மங்கல். இரண்டாவது படத்தில் தாத்தாவின் மூக்கு துல்லியம், காது மங்கல். இவ்வளவு கிட்டத்தில் எடுத்தால்தான் இப்படி வரும். அது பார்க்கிற கண்ணுக்கும் தெரியும். கேமராவானால் லென்ஸின் துளையை எஃப் 11 முதல் 16 வரை மூடி, ஸ்டாண்டில் வைத்து, டைமர் போட்டு எடுங்கள். 22-க்குப் போனால் சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து படம் முழுக்கக் கொஞ்சம் மழுங்கும். போனானால் போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிட்டு, ஒரு மீட்டர் தள்ளி நின்று எடுத்து, வேண்டிய பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள்.

இனி பொம்மை. காருக்குறிச்சி மண்மேல் பழி வேண்டாம். அது பானைக்கான மண், சூளைக்குப் போகவேண்டியது. காயும்போது எந்தக் களிமண்ணும் சுருங்கும். உள்ளே இருக்கிற தெர்மக்கோல் உருண்டை சுருங்காது. இரண்டுக்கும் நடக்கிற இழுபறியில், மண் மெலிந்த இடத்தில், பெரும்பாலும் கன்னத்தில், வெடிக்கும். கனம் இன்னொரு தொல்லை. ஐந்தரை செ.மீ. தலை முழு மண்ணாக இருந்தால் 150 கிராம் வரை வரும். அந்தக் கனத்துக்கு மெல்லிய கழுத்துக் கம்பி வளைந்துவிடும்.

தலைக்குக் காகிதக்கூழ் போதும். செய்தித்தாள் நாலைந்து தாளைச் சின்னதாகக் கிழித்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, சமையலுக்கு இனி எடுக்காத பழைய மிக்ஸி ஜாரில் அரைத்து, சொட்டு நிற்கிறவரை பிழியுங்கள். ஃபெவிக்காலும் சாக்பீஸ் தூளும் சம அளவில் சேர்த்துச் சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவுப் பதம் வரும். மைதாப் பசை வேண்டாம். கரப்பான் தின்றுவிடும், அதைத் தடுக்க மயில்துத்தம் போட்டால் குழந்தைகள் தொடுகிற சாமானில் விஷம் சேரும். நாலு செ.மீ. உருண்டைமேல் ஒரு தடவைக்கு மூன்று மில்லிமீட்டருக்குமேல் அப்பாதீர்கள். நிழலில் காயவிட்டு அடுத்த பூச்சு. அவசரப்பட்டு ஃபேனுக்கு அடியில் வைத்தால் மேல்தோல் மட்டும் இறுகிக் கீறல் விடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம், பூசணம்தான் பூக்கும்.

கண்ணுக்கு வெள்ளைப் பாசிமணி, ஆறு மில்லிமீட்டர். ஈரக்கூழில் குழி பறித்து, மணியின் துளை வெளியே பார்க்கும்படி வைத்து, கூழ் காய்ந்ததும் மணி சுழல்கிற அளவுக்கு இமையை இழைத்துவிடுங்கள். துளையைச் சுற்றிக் கறுப்பு வட்டம் தீட்டினால் துளையே கண்மணி. குண்டூசி நுனியை அதில் விட்டுத் தள்ளினால் தாத்தா பேத்தியைப் பார்ப்பார், அடுத்த படத்தில் தெருவைப் பார்ப்பார். முகத்துக்கு மினுக்கம் இல்லாத பெயின்ட் மட்டும். பளபளப்பு கண்ணில் மட்டும் இருக்கட்டும். நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு போதும்.

எலும்புக்குக் கட்டுக்கம்பி எடுத்திருக்கிறீர்கள் போல, வேட்டியில் துருக்கறை தெரிகிறது. எலக்ட்ரிக் கடையில் 2.5 அளவு அலுமினிய சர்வீஸ் வயர் மீட்டர் கணக்கில் வாங்கி உறையை உரியுங்கள். பிளேடு கம்பியில் பட்டுக் கீறிவிட்டால் பின்னால் அந்த இடத்தில்தான் முறியும். காலுக்கு இரட்டை, முதுகுக்கு மூன்று, கைக்கு ஒற்றை. முறுக்கு லேசாக இருக்கட்டும். இறுக்க இறுக்கக் கம்பி விறைத்து ஒடியும். தொடை, கெண்டை, முழங்கை முதல் மணிக்கட்டு வரை எம்-சீல் பூசி, மூட்டில் மட்டும் ஒரு செ.மீ. வெறுமனே விடுங்கள். கழுத்து அதற்குமேல் நீள வேண்டாம். உள்ளங்காலில் எம்-சீல் வைத்து மூன்று மில்லிமீட்டர் நட்டு ஒன்றைப் பதித்து, பலகைக்கு அடியிலிருந்து போல்ட் முடுக்கினால் தாத்தா ஒற்றைக்காலில்கூட நிற்பார்.

வேட்டிக்கு வருவோம். எல்லாம் ஆறில் ஒன்றாகக் குறைந்தாலும் துணியின் தடிமனும் விறைப்பும் குறைவதில்லை. தொங்கி விழுகிற கனம் மட்டும் குறைந்துபோகிறது. அதனால் மடிப்பு தானாக விழாது, நாம்தான் வைக்கவேண்டும். கஞ்சி போட்டது விறைப்பை இன்னும் கூட்டிவிட்டது. நைந்துபோன பழைய மல் துணி எடுங்கள். நாலு முழ வேட்டி என்றால் நீளம் 33 செ.மீ. ஒரு பங்கு ஃபெவிக்காலில் நாலு பங்கு தண்ணீர் கலந்து நனைத்துப் பிழிந்து, பொம்மைக்குக் கட்டி, மடிப்பு மடிப்பாகக் கீழ்நோக்கி இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிடுங்கள். உட்காருகிற படத்துக்கு உட்காரவைத்தே காயவிட வேண்டும். கரையை நெய்த துணியில் தேடாதீர்கள், துணி பெயின்டில் ஒரு கோடு போதும். பாட்டிக்குச் சேலை கட்டுகிற நாள் வந்தால், ஐந்தரை மீட்டர் கணக்குப்படி 92 செ.மீ. முழுதாகச் சுற்றாதீர்கள், இடுப்பு உரல்போல் பருத்துவிடும். கொசுவத்தைத் தனியாக மடித்துத் தைத்துவிட்டு, உள்ளே போகிற சுற்றை வெட்டிவிடலாம்.

வீடு நன்றாகவே வந்திருக்கிறது, தார்சாவின் அழிக்கம்பிகள் குறிப்பாக. கதவு மட்டும் 22 செ.மீ., அதாவது நாலரை அடிக்குள். 30 ஆக்குங்கள். பட்டாசலுக்குள் (கூடத்துக்குள்) கேமரா எட்டிப் பார்க்காத இடத்தில் உழைப்பைக் கொட்டாதீர்கள். தரைக்குப் போட்ட மணல் பருமன். ஒரு மில்லிமீட்டர் பருக்கை இந்த அளவில் ஆறு மில்லிமீட்டர் ஜல்லி. தேரி மண்ணை (செம்மணலை) துணியில் சலித்துத் தூவுங்கள். பாய்க்குப் பத்தமடைப் பட்டுப்பாய்த் துண்டே சரி, படத்தில் அது சாதாரணக் கோரைப்பாயாக வந்து உட்காரும். அம்பாசமுத்திரத்துச் சொப்பு வைக்கலாம், ஆனால் அரக்கு மினுக்கும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, தாத்தா கைக்கு அடங்குகிற அளவா என்று பாருங்கள்.

வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வரட்டும். அறை டியூப்லைட்டை அணையுங்கள். பொம்மைக்கு அது மேகம் மூடிய வானம். வெயில் காட்ட ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு இரண்டு மீட்டர் தள்ளி. ஒரு அடியில் வைத்தால் நிழல்கள் விசிறியாக விரியும், ஒரு கன்னம் வெளுத்து எதிர்ச்சுவர் இருண்டுவிடும். காலை வெயிலே கிடைத்தால் அதைவிட வேறென்ன, ஆனால் ஆனி ஆடிக் காற்றில் மொட்டைமாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். பின்னால் தீட்டிய மலை இன்னும் வெளிறவேண்டும், செட்டிலிருந்து ஒரு மீட்டராவது விலகவேண்டும். இப்போது தாத்தாவின் நிழல் பொதிகைமலைமேல் விழுந்து கிடக்கிறது.

பத்திரப்படுத்த அட்டைப்பெட்டி போதும், காலடியில் போல்ட் போட்டு நிறுத்தியே வையுங்கள். ரசகற்பூர உருண்டை (அந்துருண்டை) மட்டும் போட்டுவிடாதீர்கள். அதன் ஆவி தெர்மக்கோலைக் கரைக்கும், தலை உள்ளுக்குள் குழிந்துபோகும். ஸ்பிரே பெயின்டும் ரப்பர் பசையும் அதே வேலையைச் செய்யும். பூச்சிக்கு வசம்புத் துண்டு நாலு போடுங்கள்.